ஏழாம் நம்பர் கூண்டு

எதிர்வீட்டு அழகிரி சாருக்கு, ஊர் சுத்திப் பார்க்க ஆபீஸ்லயே காசு தருவாங்களே, அந்த எல்.டி.சி. கிடைச்சிருக்காம். குடும்பத்தோட அந்தமான் போறாங்க, கப்பல்ல. அதுவும் எப்போ, ஐப்பசி கடைசியில. அவரு சம்சாரம் நேத்து வந்து உட்கார்ந்துக்கிட்டு, டீச்சர், உங்க அண்ணன் கப்பல்லயே போயிட்டு வந்தவராச்சே, அந்த மாசத்துல கடல் எப்படி இருக்கும்னு கேக்குறாங்க. ஊட்டிக்குப் போறவங்க ஸ்வெட்டர் வேணுமான்னு கேப்பாங்களே, அந்தத் தோரணையில.

எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். எலுமிச்சம்பழம் நிறைய எடுத்துக்குங்க, குடல் வாய்க்கு வரும். வெறும் வயித்தோட இருக்காதீங்க, வயிறு முட்டவும் தின்னாதீங்க. ரஸ்க்கும் பொரியும்தான் தங்கும். ஆட்டம் ஜாஸ்தியானா அடுப்பை அணைச்சிடுவான், சோறு கிடைக்காது. கட்டி வைக்காத சாமான் எதுவும் வெச்ச இடத்துல இருக்காது. சொன்ன நாளைக்குக் கப்பல் கிளம்பாது, கிளம்பினாலும் சொன்ன நாளைக்குப் போய்ச் சேராது, நீங்க இறங்கணும்னு நினைச்ச ஊர்ல இறக்கி விடுவான்னும் நம்பாதீங்க. அதுக்காக டிக்கெட் காசைத் திருப்பித் தருவானான்னு கேட்டாங்க. தருவான், நீங்க வாயைப் பிளந்துக்கிட்டே இருங்கன்னேன். கடைசியா ஒண்ணு சொன்னேன். கடலுக்கு அவ்வளவு பயப்பட வேணாம், கரையில இருக்கறவனுக்குப் பயப்படுங்கன்னேன். அந்தம்மாவுக்குப் புரியல. சிரிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

எனக்குச் சிரிப்பு வரல. ஒம்பது வருஷமாச்சு, இன்னும் வயிறு எரியுது.

எங்க அண்ணன் பேரு சவரிநாதன். போன வருஷம் சிங்கப்பூர்லயே செத்துப்போனாரு, அங்கயே புதைச்சாங்க. இங்க திருச்சி பாலக்கரையில பிறந்து வளர்ந்தவருக்கு இங்க ஒரு பிடி மண்ணு இல்லாமப் போச்சு. எங்கப்பா சீக்கிரமே போயிட்டாரு. நான் சின்னவ. அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.யோட படிப்பை நிறுத்திட்டு, தெரிஞ்சவர் ஒருத்தர் மூலமா சிங்கப்பூர் போனாரு. அவரு அனுப்பினதுலதான் நான் தையல் ட்ரெயினிங் முடிச்சு கான்வென்ட்ல தையல் டீச்சர் ஆனேன். நடுவுல ஒரு தடவை வந்து இருதயமேரி அண்ணியைக் கட்டிக்கிட்டு, ரெண்டு மாசம் இருந்துட்டு மறுபடியும் போனாரு. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வருவாரு. வந்தா ரெண்டு மாசம். அவ்வளவுதான் அவரு குடும்பம் நடத்தின லட்சணம்.

அங்க என்ன வேலைன்னு கேட்டா, கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறது. கப்பல் பட்டறையில பலகையைக் கயித்துல கட்டித் தொங்க விடுவானாம், அதுல உட்கார்ந்துக்கிட்டு துருவைச் சுரண்டி, அடியில சிவப்பும் மேல கறுப்பும் அடிக்கணும். வாழ்நாள் பூரா கப்பலோடயே கிடந்த மனுஷனுக்குக் கப்பல் பிரயாணம் மட்டும் ஒத்துக்காது. ஏணியில ஏறும்போதே வாயில எச்சில் ஊறும்பாரு. வந்து இறங்கி ஒரு வாரம் வரைக்கும் வீடு ஆடுதுன்னு சொல்லிக்கிட்டு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே நடப்பாரு. அண்ணி முகத்தைத் திருப்பிக்கிட்டு சிரிப்பாங்க.

ஒரே மக, லூர்து. அவ பிறந்தப்ப அண்ணன் இல்லை. ஞானஸ்நானத்துக்கு இல்லை. கோயில்ல முதல் தடவையா நற்கருணை, அதான் புதுநன்மை, வாங்கினப்ப இல்லை, போட்டோ எடுத்து அனுப்பினோம். பெரியவளானப்ப இல்லை, அதுக்குப் போட்டோ அனுப்ப அண்ணி கூச்சப்பட்டாங்க, நான்தான் அனுப்பினேன். நாலு வயசுல முதல் முதல்ல அவரைப் பார்த்தப்ப, அரிசி டிரம்முக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டு, "அத்தை, அந்த மாமா எப்போ போவாரு?"ன்னு கேட்டா. அண்ணன் அன்னைக்குச் சிரிச்சாரு. ஊருக்குக் கிளம்புறப்ப என்கிட்ட மட்டும் சொன்னாரு, பிறந்ததையும் ஞானஸ்நானத்தையும் போட்டோவுலயே பார்த்துட்டேன் பேட்ரிசியா, அவ கல்யாணத்தைப் போட்டோவுல பார்க்க மாட்டேன்னு. கோயில் வாசப்படியிலேர்ந்து பீடம் வரைக்கும் அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும், அதுக்கு மேல ஆண்டவர்கிட்ட எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொன்னாரு.

எழுபத்தெட்டுல லூர்துக்கு இடம் அமைஞ்சுது. மாப்பிள்ளை பிலோமின்ராஜ், காட்டூர், பெல் கம்பெனியில ஃபிட்டர். பையன் வாயில்லாப் பூச்சி. ஆனா அவங்கப்பாவுக்கு ரெண்டு பேருக்கான வாய் இருந்துச்சு. இருதயநாதன்னு பேரு. கோர்ட்டுல டபேதாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வாசல்ல நின்னு மூணு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டே பழகின தொண்டை. வீட்டுல காப்பி கேட்டாக்கூட தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அவருக்கு உலகமே கோர்ட்டுதான். யாரு எந்தக் கேஸுல மாட்டினான், யாரு எத்தனை வருஷம் உள்ள போனான், இதைத் தவிர வேற பேச்சே கிடையாது. நிச்சயதார்த்தத்துல பலகாரம் தின்னுக்கிட்டே ஒரு கொலைக் கேஸை முழுசாச் சொல்லி முடிச்சாரு.

அண்ணன் மே மாசம் கல்யாணத்தை வெச்சுக்கலாம்னாரு. அப்போ கடலும் அமைதியா இருக்கும், லீவும் கிடைக்கும். சம்பந்தி ஒத்துக்கல. கல்யாணம் ஆனவனுக்குத்தான் குவார்ட்டர்ஸ், வருஷம் முடியறதுக்குள்ள ஆகணும்னாரு. டிசம்பர் பிறந்துட்டா எங்களுக்கு ஆகமன காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம் கோயில்ல கல்யாணம் வெக்க மாட்டாங்க. அதனால நவம்பர் கடைசி புதன்கிழமைன்னு குறிச்சாங்க. குறிச்சு, பங்குச் சாமியார் ஓலை வாசிக்க ஆரம்பிச்சாரு. இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு மூணு ஞாயித்துக்கிழமை பூசையில வாசிக்கிறதுக்குப் பேருதான் ஓலை. மூணு ஓலையும் வாசிச்ச பிறகு ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் நின்னுபோனா, ஊருல என்ன பேசுவாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. காரணம் மாப்பிள்ளை பக்கம் இருந்தாலும் பேச்சு பொண்ணு மேலதான் வந்து விழும்.

சரி, அண்ணன் ப்ளேன்ல வரட்டும்னு நாங்க இருந்தோம். அவரும் அப்படித்தான் நினைச்சிருந்தாரு. அதுக்குள்ள சம்பந்தி சீர் பேச வந்துட்டாரு. காலால மிதிக்கிற தையல் மெஷின், டூ இன் ஒன் டேப்ரிக்கார்டர், சுவர்க் கடிகாரம், பீங்கான் செட்டு, மாப்பிள்ளைக்குக் கோட்டுத் துணி, மாப்பிள்ளையோட அக்கா புருஷனுக்கும் கோட்டுத் துணி. ப்ளேன்ல இருபது கிலோதான் விடுவான்னு அண்ணி சொன்னாங்க. அதுக்கு அந்த மனுஷன், "கப்பல்ல வரச் சொல்லுங்க, வீட்டையே கட்டி எடுத்துட்டு வரலாமே"ன்னு சொன்னாரு. எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. போன வருஷப் புயல்ல திருச்சியே தண்ணியில நின்னுச்சே, நாகப்பட்டினத்துல கூரை இல்லாத வீடாப் போச்சே, அந்த மாசத்துலயா கப்பல்னு கேட்டேன். அதான் போன வருஷமே வந்துட்டுப் போயிடுச்சே டீச்சர், இனி அது இப்போதைக்கு வராதுன்னாரு. புயல் என்ன, வாய்தா வாங்கிட்டுப் போன வக்கீலா?

ஆனா எங்க பக்கத்து ஆளுங்களை மட்டும் யோக்கியம்னு சொல்லிட முடியாது. கப்பல்னு கேள்விப்பட்டதும் எல்லாருக்கும் மூக்கு வேர்த்துடுச்சு. கோடாலித் தைலம், மடக்குக் குடை, லுங்கி, டார்ச் லைட்டுன்னு அண்ணியோட சொந்தக்காரங்க ஆளாளுக்குச் சொல்லி விட்டாங்க. அண்ணன் எல்லாத்துக்கும் சரின்னாரு. இல்லைன்னு சொல்லத் தெரியாத ஜென்மம் அது. ப்ளேன் டிக்கெட்டை விட்டுட்டுக் கப்பலுக்கு மாத்திக்கிட்டாரு.

அந்தக் கப்பல் பினாங்கு வழியா வந்து நாகப்பட்டினத்துல நிக்கும், அப்புறம் மெட்ராஸ் போகும். நாகப்பட்டினத்துல கரைக்கு வராது, தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். தோணியில போய் ஆளையும் சாமானையும் இறக்கிட்டு வரணும். அண்ணனைக் கூட்டிட்டு வர நான் போனேன். சம்பந்தி வேன் பிடிச்சுக் கொடுத்தாரு. எங்க அண்ணனுக்காக இல்லை, மெஷினுக்காக. டிரைவர் ஆண்டின்னு ஒருத்தன், மருங்காபுரிப் பக்கத்து ஆளு. நல்லவன், பாவம். அன்னைக்குத்தான் முதல் முதலா கடலைப் பார்க்கிறான். வேளாங்கண்ணியில இறங்கி மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினேன். கொளுத்தக் கொளுத்தக் காத்து அணைச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்பவே எனக்கு மனசு சரியில்லை.

நாகப்பட்டினத்துல துறைமுகத்துக்குக் கிட்டயே போக முடியல. கண்ணுல மணல் அடிக்குது. அங்க ஒரு கொடிமரம், அதுல கறுப்பா என்னவோ உச்சியில ஏத்தித் தொங்க விட்டிருந்தாங்க. ஏழாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. புயல் வருதுன்னு கடல்ல இருக்கிறவனுக்குத் தெரியறதுக்காக ஏத்துறதுக்குக் கூண்டுன்னு பேரு, அதுல நம்பர் ஏற ஏற ஆபத்துன்னு ஒரு மீன்காரம்மா எனக்கு விளக்கமாச் சொன்னாங்க. ஊருக்குள்ள இருந்த கப்பல் ஆபீஸ்ல போய்க் கேட்டேன். தோணி போகாது, கப்பல் இங்க நிக்காது, கடல் அடங்கினதும் நேரா மெட்ராஸுக்குத்தான்னு சொல்லிட்டாங்க.

கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. நான் அங்கேர்ந்தே ரயிலைப் பிடிச்சு மெட்ராஸ் போறதுன்னு முடிவு பண்ணினேன். ஆண்டியை நிறுத்தி வெச்சுச் சொன்னேன்: கூண்டு ஏத்திட்டாங்க, கப்பல் இங்க நிக்காது, அண்ணன் மெட்ராஸ்ல இறங்குவாரு, நான் போய்க் கூட்டிட்டு வரேன், கல்யாணத்துக்குள்ள வந்துடுவோம்னு அண்ணிகிட்ட சொல்லிடு. அவன் ஒரு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினான், சரியாத்தான் சொன்னான்.

தஞ்சாவூர் ரோட்டுல வந்தா பாலக்கரைக்கு முன்னாடி காட்டூர் வந்துடும். வேன் பிடிச்சுக் கொடுத்தவரு சம்பந்தி. அவருகிட்ட சொல்லாமப் போகக் கூடாதேன்னு ஆண்டி அங்க நிறுத்திட்டான். அங்க நடந்ததை அவனே பிற்பாடு என்கிட்ட அழாத குறையாச் சொன்னான்.

வாசல்ல நின்ன சம்பந்தி, வேன் காலியா இருக்கறதைப் பார்த்துட்டு, "சாமான் எங்கடா?"ன்னு கேட்டிருக்காரு. மனுஷன் எங்கன்னு கேக்கல.

"சாமானும் இல்லைங்க, ஐயாவும் இல்லைங்க. கூண்டு ஏத்திட்டாங்க. அங்க இறங்க விடமாட்டாங்களாம்."

"யாரை? சம்பந்தியையா?"

"ஆமாங்க. மெட்ராஸுக்குக் கொண்டு போறாங்க. டீச்சரம்மா அழுதுக்கிட்டே பின்னாடி போயிருக்காங்க."

"என்ன கூண்டு?"

"ஏழாம் நம்பர்னு சொன்னாங்க."

அவ்வளவுதான். முப்பது வருஷம் கோர்ட்டு வாசல்ல நின்னவருக்குக் கூண்டுன்னா ஒரே கூண்டுதான். சிங்கப்பூர்லேர்ந்து வர்ற ஆளு, பெட்டி நிறைய சாமான், பிடிச்சு மெட்ராஸுக்குக் கொண்டு போறாங்கன்னா அதுக்கு என்ன அர்த்தம்? தங்கம் கடத்தியிருக்கான். அந்த மூளைக்கு வேற எதுவும் எட்டல. ரேடியோவுல காலையிலேர்ந்து புயல் புயல்னு கத்திக்கிட்டு இருக்கு, அதே கூண்டைத்தான் ரேடியோக்காரனும் சொல்றான். இவரு அதைக் கேக்கவா போறாரு?

ஆண்டியைத் திண்டாட விட்டுட்டு, அண்ணிகிட்ட நானே போய்ச் சொல்லிக்கிறேன்னு சட்டையை மாட்டிக்கிட்டு கிளம்பிட்டாரு. நேரா எங்க வீட்டுக்கு வந்தாரான்னா அதுவும் இல்லை. முதல்ல பங்குச் சாமியாருகிட்ட போனாரு. ஓலையில தடை இருந்தாச் சொல்லுங்கன்னு கேட்டீங்களே, சொல்ல வந்திருக்கேன், பொண்ணோட அப்பன் கூண்டுல நிக்கிறான்னு சொன்னாரு. அந்தத் தொண்டையில. கோயில்ல ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருந்த பொம்பளைங்க அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. அப்பன் செஞ்சது பொண்ணுக்குத் தடை ஆகாது, முதல்ல நல்லா விசாரிச்சுட்டு வாங்கன்னு சாமியார் சொன்னாராம். அதை யாரு கேட்டா? அப்புறம் எங்க வாசல்ல வந்து நின்னு, உள்ள வராம, திருட்டுக் குடும்பத்துல எங்களுக்குப் பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அண்ணி அப்படியே நிலைப்படியில சாஞ்சுட்டாங்க. லூர்து அன்னைக்கு உள்ள போய் உட்கார்ந்தவதான், குழாயடிக்குக்கூட வரல. குடத்தோட நிக்கிறவ எவ என்ன சொல்லுவாளோன்னு பயம்.

இது எதுவும் தெரியாம நான் மெட்ராஸ்ல கன்னியர் மடத்துல தங்கி, தினமும் துறைமுகத்துக்கு நடையா நடந்துக்கிட்டு இருந்தேன். கப்பல் ஒரு வழியா வந்துச்சு. அண்ணன் இறங்கினப்ப எனக்கு அடையாளமே தெரியல. உதடெல்லாம் வெடிச்சு, கண்ணு உள்ள போயி, இடுப்புக்கு மேல துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாரு. என்னண்ணே இதுன்னேன். விலா எலும்பு, ஒண்ணுமில்லை, கல்யாணத்துக்கு நேரம் இருக்குல்லன்னு கேட்டாரு. இருக்குன்னேன். அப்படியே பெட்டி மேல உட்கார்ந்து அழுதுட்டாரு.

திருச்சி ரயில்ல வர்றப்பதான் நடந்ததைச் சொன்னாரு. கீழ்த்தட்டுல வரிசையா பங்க் கட்டில், அதுலதான் இவங்க எல்லாரும். புயல் பிடிச்சதும் மேல போற கதவை வெளியில பூட்டிட்டானாம். ஜன்னல் எல்லாம் இரும்புத் தகட்டால அடைச்சாச்சு. உள்ள டீசல் நாத்தம், வாந்தி நாத்தம், அழுகின வெங்காய நாத்தம். கேப்டன் ஒலிபெருக்கியில இங்கிலீஷ்ல ஏதோ சொல்றான், யாருக்கும் புரியல, புரியாததுனால பயம் இன்னும் ஜாஸ்தி. ஒரு பக்கம் இவரு ஜெபமாலை, ஒரு பக்கம் நாகூர்க்காரரு குத்புதீன்னு ஒருத்தர் ஓதுறாரு, இன்னொரு பக்கம் ஒரு அம்மா முருகா முருகாங்குது. கப்பல் புயலுக்கு வெளியில வெளியில சுத்திக்கிட்டே நின்னுச்சாம். நாகப்பட்டினத்துல நிக்காதுன்னு தெரிஞ்சதும்தான் இவருக்கு நிஜமாவே உயிர் போச்சாம். செத்துப்போறதுக்குப் பயமில்லை, கல்யாணம் முடிஞ்சப்புறம் உயிரோட போய்ச் சேர்ந்துடுவேனோன்னுதான் பயம்னு சொன்னாரு.

விலா எலும்பு எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டேன். துண்டை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு, கட்டின கயிறு அறுந்து மெஷின் பெட்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சறுக்கிக்கிட்டு ஓடிச்சாம். மோதி உடைஞ்சுடும்னு, இவரு போய்க் குப்புற அது மேல படுத்துக்கிட்டாராம். கட்டில் கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவுல விலா மாட்டிக்கிச்சு. குத்புதீன் பாய் துண்டால கட்டி விட்டாராம். உடைஞ்சா உடையட்டும்னு விட வேண்டியதுதானேன்னு நான் கத்தினேன். "எப்படி விடறது பேட்ரிசியா, அவ போற வீட்டுல ஒரு சொல்லு வந்துடக் கூடாதுல்ல"ன்னாரு.

பாலக்கரைக்கு வாடகைக் கார் எடுத்துக்கிட்டு வந்து இறங்கினோம். மறுநாள் காலையில கல்யாணம்னு நாங்க நினைச்சுக்கிட்டு இருக்கோம். தெருவே வாசலுக்கு வந்து நின்னுச்சு. அண்ணனுக்குப் பூரிச்சுப் போச்சு. இத்தனை வருஷத்துல தன்னை வரவேற்க இவ்வளவு பேரு நின்னதே இல்லையேன்னு, விலா வலியோட ஒவ்வொரு வாசலாக் கும்பிட்டுக்கிட்டே நடந்தாரு. ஒருத்தராவது பதிலுக்குக் கும்பிடணுமே. அவரு மணிக்கட்டைத்தான் பார்த்துக்கிட்டு நின்னாங்க, விலங்குத் தழும்பு தெரியுதான்னு. எனக்கு அப்போ அது புரியல. உள்ள போய் அண்ணி வாயிலேர்ந்து கேட்டதும்தான் புரிஞ்சுது.

அண்ணன் அதைக் கேட்டுட்டு ஒரு நாற்காலியை வாசப்பக்கமாத் திருப்பிப் போட்டாரு. பந்தல் போடாத வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. கப்பல்ல அத்தனை பெரிய புயல்ல சாகாத மனுஷன், அந்த நாற்காலியில கொஞ்சம் செத்தாரு.

பெட்டி வந்து இறங்கின சேதி காட்டூருக்கு எப்படித்தான் போச்சோ. விளக்கு வெக்கிற நேரத்துக்கு சம்பந்தி மகனையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. இந்தத் தடவை உள்ளயே வந்தாரு. ஆண்டியைக் கூப்பிட்டு விசாரிச்சாச்சாம், புயல் கூண்டுன்னு தெரிஞ்சுதாம். மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை வரல. சிரிக்கிறாரு. "எங்களுக்குத் தெரிஞ்ச கூண்டு ஒண்ணுதானே சம்பந்தி"ன்னு சொல்லிச் சிரிக்கிறாரு. சிரிச்சுக்கிட்டே மெஷின் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, சக்கரத்தைச் சுத்திப் பார்த்து, ஓரத்துல சின்னதா ஒரு நசுங்கல் இருந்ததைத் தடவிப் பார்த்து, பரவாயில்லைன்னாரு. அது எங்க அண்ணன் விலா பட்ட இடம். சரி, நாளைக்கு ஒம்பது மணிப் பூசை, அதுல மாத்தமில்லைன்னு எந்திரிச்சாரு.

கோயில்லயும் எங்க வாசல்லயும் கத்தினீங்களே, அதே சத்தத்துல இப்போ தெருவுல நின்னு தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிட்டுப் போங்கன்னு நான் கேட்டேன். சம்பந்திக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. டீச்சருக்கு வாய் நீளம்னாரு. அண்ணன் என் கையைப் பிடிச்சு அமுக்கிட்டாரு. பிலோமின்ராஜ் தரையைப் பார்த்துக்கிட்டே நின்னான். நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பையனை இன்னைக்கு மனுஷன்னு மதிப்பேன்.

அவங்க போனதும் வீட்டுக்குள்ள பெரிய பேச்சு. கல்யாணமே வேண்டாம், நிறுத்துங்கண்ணேன்னு நான் சொன்னேன். அண்ணி தலையில அடிச்சுக்கிட்டாங்க. மூணு ஓலையும் வாசிச்சாச்சு, நாளைக்கு நடக்கலைன்னா ஆகமனம் வந்துடும், அப்புறம் கிறிஸ்துமஸ், அப்புறம் யாரு வருவா, கடத்தல்காரன் மகள்னு பேரு வாங்கினவளை எவன் கட்டுவான்னு அழுதாங்க. கல்யாணம் நடந்துட்டாத்தான் அந்தப் பேரு அழியும்னாங்க. அண்ணன் யாரு பக்கமும் பேசல. "அவங்க மெஷினைத்தானே பார்க்க வந்தாங்க, லூர்து எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே"ன்னு மட்டும் சொன்னாரு. லூர்துகிட்ட யாரும் எதுவும் கேக்கல. நானும்தான்.

மறுநாள் கோயில் நிறைஞ்சிருந்துச்சு. கல்யாணத்துக்கு வந்தவங்களைவிடக் கடத்தல்காரனைப் பார்க்க வந்தவங்கதான் ஜாஸ்தி. அண்ணன் கோட்டுக்குள்ள விலாவை நான்தான் புதுத் துணியால இறுக்கிக் கட்டி விட்டேன். லூர்து நான் தைச்ச வெள்ளை ஜாக்கெட்டும் வெள்ளைப் பட்டும், தலையில வலைத்துணி நெட்டுமா நின்னா. நெட்டோட நுனி தரையில படாம நான் பின்னாடி பிடிச்சுக்கிட்டேன். பெட்டி ஆர்கன் வாசிக்க ஆரம்பிச்சாங்க. அண்ணன் அவ கையை எடுத்துத் தன் கைக்குள்ள வெச்சுக்கிட்டாரு. இருபது வருஷமா கேட்டுக்கிட்டு இருந்த நடை அது. அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க எனக்கு தைரியம் இல்லை, அவரு தோளை மட்டும் பார்த்துக்கிட்டே நடந்தேன்.

பாதித் தூரம் போயிருப்போம். முன்னாடி வரிசையில சம்பந்தி உட்கார்ந்திருக்காரு, பக்கத்து ஆளுகிட்ட என்னவோ சொல்லிச் சிரிக்கிறாரு. அண்ணன் நடையைத் தளர்த்தினாரு. விலா வலிக்குதுபோலன்னு நினைச்சேன். தலையைக் குனியாம, உதடு மட்டும் அசைய, மககிட்ட கேட்டாரு.

"அம்மாடி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. திரும்பிடலாமா? வேண்டாம்னு சொல்லு, அப்பா இப்படியே உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

லூர்து நிக்கல. அழவும் இல்லை. கோபமும் இல்லாம, தெரிஞ்ச சேதியைச் சொல்ற மாதிரி சொன்னா.

"நீங்க ஜனவரியில கப்பல் ஏறிடுவீங்கப்பா. அப்புறம் இந்தத் தெருவுல நான்தானே இருக்கணும்."

அண்ணன் அவளைக் கூட்டிட்டுப் போய்ப் பீடத்துக்கு முன்னாடி விட்டுட்டு, தனியாத் திரும்பி நடந்து வந்தாரு, பெஞ்சைப் பிடிச்சுப் பிடிச்சு.